அப்பாவின் மாத்திரையும் 300 கோடி டாலரும்

சாகாமல் இருக்க ஆசைப்படுவது தப்பு என்று நான் நினைக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உயிராசை யாரை விட்டது?

பிரையன் ஜான்சன் என்ற அமெரிக்கக் கோடீஸ்வரர் இளமையாக இருக்க வருஷத்துக்கு 20 லட்சம் டாலர் வரை செலவழிக்கிறார் என்று படித்தால் உடனே கேலி செய்யக் கிளம்பிவிடுகிறோம். 2023-இல் தன் 17 வயது மகனின் ரத்தத்திலிருந்து பிரித்த பிளாஸ்மா என்ற திரவத்தை அவர் ஏற்றிக்கொண்டார். தனக்குப் பலன் எதுவும் தெரியவில்லை என்று பிறகு அவரே சொல்லி நிறுத்திவிட்டார். எனக்கு அதில் சிரிப்பு வரவில்லை. பையன் மனசார ஒப்புக்கொண்டிருக்கலாம். ஆனாலும் அப்பாவுக்காக என்று வந்துவிட்டால் எந்தப் பிள்ளை மாட்டேன் என்று சொல்லும்? அந்த இடம் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

சரி, அவர் பணம், அவர் உடம்பு. என்னை அதைவிட வாட்டுவது வேறு.

என் அப்பா பல வருஷமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். காலையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அட்டையை வெளிச்சத்தில் பிடித்து எத்தனை மிச்சம் என்று எண்ணிவிட்டு, கட்டைவிரலால் பிதுக்கி உள்ளங்கையில் வாங்குவார். பெரிய வெள்ளை மாத்திரை. இரண்டு மடக்குத் தண்ணீர் இல்லாமல் இறங்காது. 1950-களிலிருந்து புழக்கத்தில் இருக்கும் மருந்து இது. முதுமையோடு வரும் நோய்களையே இது தள்ளிப்போடுமா என்று பார்க்க நியூயார்க் மருத்துவர் நிர் பார்சிலாயும் அவர் கூட்டாளிகளும் ஒரு பெரிய ஆய்வுக்குத் திட்டம் போட்டார்கள். சர்க்கரை நோய் இல்லாத, 65 முதல் 79 வயது வரையுள்ள 3,000 பேர். மாரடைப்பு, புற்றுநோய், மறதி நோய் இவற்றின் வருகை தாமதமாகிறதா என்று சுமார் ஆறு வருஷம் கவனிக்க வேண்டும். 2015-இலேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்போடு உட்கார்ந்து பேசியும் விட்டார்கள். கேட்டது சில கோடி டாலர்தான். வருஷக்கணக்கில் அது முழுசாகச் சேரவில்லை. காப்புரிமை எப்போதோ முடிந்துபோன மருந்து. ஆய்வு ஜெயித்தாலும் யாருக்கும் பெரிய லாபம் கிடையாது.

அதே காலத்தில், 2022-இல் ஆல்டோஸ் லேப்ஸ் என்ற முதுமை ஆராய்ச்சி நிறுவனம் 300 கோடி டாலரோடு கடை திறந்தது. சாட்ஜிபிடி புகழ் சாம் ஆல்ட்மன், ஆயுளை நீட்டிக்க முயலும் ரெட்ரோ பயோசயின்ஸஸ் நிறுவனத்தில் 18 கோடி டாலர் போட்டார். அங்கே நடப்பது நல்ல விஞ்ஞானம்தான். முதிர்ந்த செல்லை இளம் நிலைக்குத் திருப்ப முடியும் என்று ஜப்பானிய விஞ்ஞானி யமனாகா 2006-இல் காட்டிய வழியில் போகிறார்கள். 2012-இல் நோபல் பரிசு பெற்ற வேலை அது. ஆனால் முதுமை எல்லோர் வீட்டுக்கும் வருகிறது. அதைப் பற்றி எந்தக் கேள்வியைக் கேட்கலாம், எதைக் கிடப்பில் போடலாம் என்று நாலைந்து பேரின் பணப்பை முடிவு செய்வது அநியாயம். மலிவான மருந்து உதவுமா உதவாதா என்ற கேள்வி அந்தப் பணப்பையின் கண்ணில் படவே இல்லை.

முதலில் பணக்காரர்கள் வாங்கட்டும், அப்புறம் விலை தானாக இறங்கும் என்பார்கள். செல்போனுக்கு அது சரி. செல்போன் வரும்வரை காத்திருந்தவர் உயிரோடு இருந்தார். 1996 வாக்கில் எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து வந்தது. பணக்கார நாடுகளில் சாவு மளமளவென்று குறைந்தது. ஆப்பிரிக்காவிலோ கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். ஒருவருக்கு வருஷத்துக்கு 10,000 டாலருக்கு மேல் ஆன அந்த மருந்தை நாளுக்கு ஒரு டாலருக்கும் குறைவாகத் தருகிறேன் என்று 2001-இல் இந்திய மருந்து நிறுவனமான சிப்லா முன்வந்த பிறகுதான் விலை சரிந்தது. அதற்கும் நோயாளிகள் தெருவில் இறங்கிப் போராட வேண்டியிருந்தது. நடுவில் போன உயிர்கள் போனதுதான்.

ஏற்கெனவே பணம் ஆயுளை நீட்டிக்கொண்டுதான் இருக்கிறது. அமெரிக்காவில் மேல்தட்டு ஒரு சதவீத ஆண்களுக்கும் அடித்தட்டு ஒரு சதவீத ஆண்களுக்கும் ஆயுளில் 14.6 வருஷ வித்தியாசம் என்று 2016-இல் வந்த ஆய்வு சொல்கிறது. இதன் மேல் இன்னும் ஐம்பது வருஷத்தை ஒரு பக்கம் மட்டும் ஏற்றினால், சொத்தும் பதவியும் யார் கையிலிருந்து யார் கைக்கு மாறும்?

இதையெல்லாம் அப்பாவிடம் விளக்கிச் சொன்னேன். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ இது ஆயுசைக் கூட்டுமா, கூட்டாதாப்பா?"

"தெரியலப்பா. யாரும் இன்னும் முழுசாப் பார்க்கல."