நரம்பு டெஸ்ட் நரம்பைக் கருக்காது, ஒரு ஊசியில் எலும்பு கரையாது

"நரம்பு டெஸ்ட்டில் கரண்ட் வைத்து நரம்பையே கருக்கிவிடுவார்கள், மூட்டில் ஒரு ஊசி போட்டாலே எலும்பு கரைந்துவிடும்" என்று ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டு சுற்றுகிறது. முதல் பாதி சுத்தப் பொய்.

நரம்பு சேதியைச் சரியாகக் கடத்துகிறதா என்று பார்க்கும் இந்த டெஸ்ட்டில் தோலின் மேல் வைத்துக் கொடுக்கும் மின்துடிப்பு ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் நீடிக்காது. சுரீர் என்று இழுக்கும், விரல் தானாகத் துள்ளும், அவ்வளவுதான். கை சில்லென்று இருந்தால் நரம்பு மந்தமாக வேலை செய்வதுபோல் தப்பாகக் காட்டும் என்பதால் முதலில் கையைச் சூடாக்கிக்கொள்வார்கள். அப்புறம் தசையில் மெல்லிய ஊசி வைக்கும் இஎம்ஜி, அதில் கரண்டே பாய்ச்சுவதில்லை, தசை தானாக எழுப்பும் மின்சாரத்தைப் பதிவு செய்வது மட்டுமே. விரல் மரத்துப்போனால் நரம்பு அழுந்துவது மணிக்கட்டிலா கழுத்திலா என்று பிரித்தறிய இது பெரிய உதவி. (ரிசல்ட் நார்மல் என்றால் வலி பொய் என்று அர்த்தமில்லை; வலியைக் கடத்தும் நுண்ணிய நரம்பிழைகள் இந்த டெஸ்ட்டில் தெரியாது.)

ஊசி விஷயத்தில் கொஞ்சம் உண்மை ஒட்டியிருக்கிறது, அதனால்தான் நம்பிவிடுகிறார்கள். வீக்கத்தைக் குறைக்க மூட்டு ஊசியில் கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்தை ஒரே மூட்டில் திரும்பத் திரும்பப் போட்டால் குருத்தெலும்பு தேயலாம், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணுக்குள்ளேயே மருந்து இறங்கினால் அது அறுந்துபோகவும் வாய்ப்புண்டு. அதற்குத்தான் அல்ட்ராசவுண்ட்: ஊசி முனை திரையில் வெள்ளைக் கோடாக நகர்வதைப் பார்த்துக்கொண்டே சரியான இடத்தில் மருந்தை விடலாம். சர்க்கரை உள்ளவர்களுக்குச் சில நாள் சர்க்கரை ஏறும். பேஸ்மேக்கர் இருந்தாலோ ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டாலோ டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.