‘கோரிக்கை இல்லை’ என்று கையெழுத்திட்டாலும் கதை முடியாது

“ஒப்பந்த வேலை முடிந்து, பைனல் பில்லோடு ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டால் அவ்வளவுதான், ஒரு பைசா கேட்க முடியாது” என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பாதி உண்மைதான் இது.

2004-இல் என்டிபிசி என்ற அரசு மின் நிறுவனத்துக்கும் அதன் ஒப்பந்தக்காரரான ரேஷ்மி கன்ஸ்ட்ரக்‌ஷன்ஸுக்கும் நடந்த வழக்கு இதே கதை. ஒப்பந்தக்காரர் கொடுத்த பில்லை ஏற்காமல், நிறுவனமே ஒரு பில் தயாரித்து, அச்சடித்த ‘கோரிக்கை இல்லை’ சான்றோடு அனுப்பியது. பணம் வரவேண்டுமே என்று அவரும் கையெழுத்திட்டார். ஆனால் அன்றைக்கே, ‘வேறு வழியில்லாமல் போட்ட கையெழுத்து இது’ என்று கடிதமும் கொடுத்துவிட்டார். ஆர்பிட்ரேஷனுக்கு (நடுவர் முன் வழக்கைத் தீர்த்துக்கொள்வதற்கு) போகும் உரிமை போய்விடவில்லை என்றது உச்ச நீதிமன்றம்.

அந்தக் கடிதம்தான் உயிர். சும்மா ‘மிரட்டி வாங்கினார்கள்’ என்று பின்னால் சொன்னால் எடுபடாது. ஜீனஸ் பவர் வழக்கில் அப்படித்தான் ஆனது. (அது காப்பீட்டு வழக்கு, தர்க்கம் ஒன்றே.)

இன்னொருவர் “மாதாமாதம் நினைவூட்டல் கடிதம் போட்டுக்கொண்டே இருங்க, கேஸ் செத்துப்போகாது” என்கிறார். இது இன்னும் ஆபத்து! காலவரையறைச் சட்டப்படி, பாக்கியைக் கேட்டு வழக்குக்குப் போக உங்களுக்கு இருப்பது 3 வருடம். நீங்கள் கடிதம் எழுதுவதால் மட்டும் அது நீளாது. 2019-இல் ஜியோ மில்லர் என்ற நிறுவனத்தின் வழக்கில் இப்படிப் பழைய பாக்கிகள் காலாவதியாயின. எதிர்த்தரப்பு, கெடு முடிவதற்குள், ‘ஆம், பாக்கி இருக்கிறது’ என்று எழுதிக் கையெழுத்திட்டால் புதிதாக 3 வருடம் தொடங்கும். பாக்கியில் ஒரு பகுதியைக் கொடுத்து, அதற்கு அவர்கள் கையெழுத்திட்ட எழுத்து இருந்தாலும் அப்படியே.