பன்னீர் திராட்சையின் பாட்டி வீடு

போன வாரம் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில், எங்கள் ஏரியா வாட்ஸ்அப் குழுவில், பக்கத்தில் இருக்கும் கான்ஸ்டான்ஷியாவின் பழைய ஒயின் திராட்சைத் தோட்டத்தைப் பற்றி ஒரு சண்டை. அறுவடை நாளில் விடிவதற்கு முன்பே டிராக்டர் ஓடுகிறதாம். பறவை விரட்டப் போடும் வெடிச் சத்தத்தில் நாய்க்குட்டி கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறதாம். "வீடுகளுக்கு நடுவில் இன்னும் எதற்கு விவசாயம்? கட்டடத்தை மட்டும் மியூசியமாக வைத்துக்கொண்டு மிச்சத்தை விற்றுவிடலாமே" என்று ஒருவர் எழுத, அதற்கு வரிசையாகக் கட்டைவிரல்கள். பதில் எழுதத் தொடங்கினேன். நீண்டுகொண்டே போனதால் இங்கே கொண்டுவந்துவிட்டேன். குழுவில் யாருக்கும் தமிழ் தெரியாது என்பதும் ஒரு வசதிதான்.

நான் கம்பம் பள்ளத்தாக்குக்காரன். சுருளிப்பட்டிப் பக்கம். கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, தலைக்கு மேலே பந்தலாகப் படரவிட்ட கொடிக்குக் கீழே வளர்ந்தவன். எங்கள் ஊரில் வருஷம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் கொத்து வெட்டிக்கொண்டிருப்பார்கள். கேப் டவுனுக்கு வேலைக்கு வந்த புதிதில் கான்ஸ்டான்ஷியாவின் திராட்சைத் தோட்டத்தைப் பார்த்துச் சிரித்தேன். இடுப்பளவு உயரம், பந்தல் கிடையாது, வருஷத்துக்கு ஒரே ஒரு அறுவடை! ஜூலைக் குளிரில் கவாத்து வெட்டி முடித்ததும் வரிசை வரிசையாகக் கட்டைகள்தான் நிற்கும். செத்துப்போன தோட்டம் என்றே நினைத்தேன்.

நான் வாடகைக்கு இருப்பது பெர்க்ஃப்ளீட்டில். 1685-ல், கேப்பை அப்போது ஆண்ட டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கமாண்டர் சைமன் வான் டெர் ஸ்டெல்லுக்குக் கொடுத்த நிலம்தான் கான்ஸ்டான்ஷியா. அவர் 1712-ல் இறந்தார். இரண்டு வருஷம் கழித்துத் தோட்டத்தை மூன்றாகப் பிரித்து விற்றார்கள். அதில் ஒரு துண்டு இந்த பெர்க்ஃப்ளீட். இன்றைக்கு இங்கே வீடு, பள்ளிக்கூடம், கடை. தெருவில் மருந்துக்குக்கூட ஒரு திராட்சைக் கொடி கிடையாது. டிராக்டர் சத்தம் என்று புலம்புகிறவர்கள், பிளாட் போட்டுவிட்ட அதே பழைய தோட்டத்தின் மேல் உட்கார்ந்துகொண்டுதான் புலம்புகிறார்கள். நானும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன், மறுக்கவில்லை.

மிச்சம் இருப்பது பிழைத்ததே பெரிய கதை. மூன்றில் இன்னொரு துண்டு க்ரூட் கான்ஸ்டான்ஷியா. 1778-ல் ஹென்ட்ரிக் குளூட்டெ என்பவர் அதை வாங்கிய பிறகு அதன் இனிப்பு ஒயின் ஐரோப்பிய அரண்மனைகளுக்கெல்லாம் போனது. செயின்ட் ஹெலினா தீவில் சிறை இருந்த நெப்போலியனுக்கும் இங்கிருந்துதான் கப்பலேறியது. அடுத்த நூற்றாண்டில் எல்லாம் சரிந்தது. 1885-ல் அரசாங்கமே தோட்டத்தை விலைக்கு வாங்கிப் பரிசோதனைப் பண்ணையாக்கியது. அதே சமயத்தில் ஃபிலோக்சரா என்ற வேர்ப்பூச்சி கேப் முழுவதும் கொடிகளைத் தின்று தீர்த்தது. அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர்க்கட்டையில் ஒட்டுப்போட்டுத்தான் மறுபடி நட்டார்கள். 1925-ல் பெரிய வீடு தீப்பிடித்து எரிந்தது. திரும்பக் கட்டினார்கள்.

அதாவது இன்று அங்கே நிற்கும் கொடிகளில் ஒன்றுகூட வான் டெர் ஸ்டெல் நட்டது கிடையாது. "அப்புறம் எதைப் பாதுகாக்கிறோம்?" என்று குழுவில் ஒருவர் கேட்டார். நல்ல கேள்விதான். தோட்டக்காரன் வீட்டுப் பிள்ளையாகப் பதில் சொல்கிறேன். சுவரைப் பூட்டி வைக்கலாம், தோட்டத்தைப் பூட்டி வைக்க முடியாது. கொடிக்கு வயதானால் பிடுங்கிவிட்டுப் புதிதாக நட வேண்டும். கவாத்து ஒரு வருஷம் தவறினால் காடு. 1999-ல் வந்த பாரம்பரியச் சட்டம் 60 வயது தாண்டிய கட்டடத்தை அனுமதியில்லாமல் தொடக்கூடாது என்கிறது. ஆனால் வெட்டத் தெரிந்த கையை எந்தச் சட்டம் காப்பாற்றும்? டிராக்டர் ஓடினால்தான் அது தோட்டம். இல்லையென்றால் வீட்டு விலையை ஏற்றிவிடும் பச்சைத் திரைச்சீலை. கோல்ஃப் மைதானத்துக்கும் வேலி போட்ட வீடுகளுக்கும் நடுவே நாலு வரிசை கொடி வைத்து "ஒயின் எஸ்டேட் வாழ்க்கை" என்று விற்பதை நான் பாதுகாப்பில் சேர்க்க மாட்டேன்.

(மலையிலிருந்து இறங்கிவரும் பபூன் குரங்குகளுக்கு இந்த விவாதமே கிடையாது. பழுத்த வரிசை எது என்று எந்த மேற்பார்வையாளரையும் விட அவற்றுக்கு நன்றாகத் தெரியும்.)

இன்னொன்று. நான் ஒயின் குடிக்கிறவன் இல்லை. எனக்கு இந்த மண்ணோடு ஒட்டு வந்தது வேறு வழியில். எங்கள் ஊர்ப் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்த ரகத்தின் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். அந்த ரகத்தின் தாய் தகப்பனில் ஒன்று மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியா. இங்கே அதன் பெயர் ஹானிபூட், வெயில் காலத்தில் சாலையோரம் பெட்டி பெட்டியாக விற்பார்கள். அந்த ஹானிபூட்டைப் பெற்றது கான்ஸ்டான்ஷியாவின் பெயரை உலகத்துக்குக் கொண்டுபோன சிறுமணி மஸ்கட். ஆக, என் அப்பா வெட்டிய கொத்துக்கு இந்தக் கொடி பாட்டி முறை! முதல் தடவை ஹானிபூட் வாயில் போட்டபோது அந்த மணம் ஏன் தொண்டையை அடைத்தது என்று அப்புறம்தான் புரிந்தது. அப்பாவின் தோட்டத்தில் இப்போது மஞ்சள் கல் ஊன்றி பிளாட் எண் எழுதியிருக்கிறார்கள்.

உறவு பழத்தோடு முடியவில்லை. கேப்பின் பழைய அடிமைப் பதிவேடுகளில் "வான் டெ குஸ்ட்" என்று முடியும் பெயர்கள் உண்டு. "கரையிலிருந்து வந்தவர்" என்று பொருள். அந்தக் கரை நம் சோழமண்டலக் கரை. பழவேற்காடும் நாகப்பட்டினமும் அப்போது டச்சுக்காரன் கையில் இருந்த துறைமுகங்கள். பெற்றோர் வைத்த பெயர் போய், ஒட்டவைத்த ஊர்ப்பெயர் மட்டும் தங்கிய மனிதர்கள். கேப்பின் திராட்சைக்குக் குழி தோண்டியதும் பீப்பாய் சுமந்ததும் இப்படிக் கப்பலில் கொண்டுவந்து இறக்கிய அடிமைகள். வான் டெர் ஸ்டெல்லின் தாய்வழிப் பாட்டியே ஓர் இந்தியப் பெண் என்பது வேறு கதை. 1834-ல் அடிமை முறை ஒழிந்தது. ஆனால் கூலியில் ஒரு பங்கை ஒயினாகவே ஊற்றிக் கொடுக்கும் "டாப்" பழக்கம் அதற்குப் பிறகும் தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்களைத் தின்றது. இதைச் சொல்லாமல் நெப்போலியனை மட்டும் சொல்லும் வழிகாட்டியைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும்.

கேப் டவுனின் ரைலண்ட்ஸ் பகுதிக் கோயிலில் பழக்கமான ஓர் அக்காவிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். டர்பனில் கரும்புத் தோட்ட வேலைக்கு வந்த பரம்பரை, எழுபது தாண்டியவர். அவர் சின்னப் பெண்ணாக இருந்தபோது இனத்துக்கு ஒரு பகுதி என்று ஊரைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டம் குடும்பத்தைக் கிளப்பி ரைலண்ட்ஸில் கொண்டுவந்து போட்டது. கான்ஸ்டான்ஷியாவையும் அதே சட்டம் வெள்ளையர் பகுதியாக்கி, அங்கே பூவும் காய்கறியும் பயிரிட்ட குடும்பங்களை கேப் ஃப்ளாட்ஸ் என்ற மணல்காட்டுச் சமவெளிக்கு விரட்டியது. அவர்களில் சிலர், இப்படிப் பறிபோன நிலத்தை மீட்க வழிசெய்த 1994 சட்டத்தின் கீழ் நிலத்தைத் திருப்பிக் கேட்டார்கள். தோட்டத்தைக் காப்பாற்று என்று நான் கத்தும்போது, அந்த நிலத்தில் வீடு கேட்கிறவர்களுக்கு எதிராகவும் கத்துகிறேனா என்ற உறுத்தல் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் தோட்டத்தை விற்றால் அங்கே எழும்பப்போவது அவர்களுக்கான வீடு இல்லை, இன்னும் நாலு நீச்சல் குளம். அவர்களுக்குச் சேர வேண்டிய நிலத்தைக் கொடுங்கள், தோட்டத்தையும் உழுதுகொண்டே இருங்கள், வாசல் பலகையில் வான் டெ குஸ்ட் பெயர்களை எழுதுங்கள். மூன்றையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

அக்கா கடைசிவரை கேட்டுவிட்டு, "அங்கே நான் ஒரு தரமும் போனதில்லை தம்பி, அது அவங்க இடம்னே இருந்துட்டோம்" என்றார். காரில் இருபது நிமிஷ தூரம். இந்தச் சனிக்கிழமை கூட்டிப் போகிறேன். ஒயின் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரே ஒரு சந்தேகம்தான் கேட்டார்: "உள்ளே டீ கிடைக்குமா?"