கிலோமீட்டர் எண்ணிக்கை மட்டும் போதாது
3 லட்சம் ரூபாய்க்குள் பழைய சிறிய கார் தேடுவோர் 50,000 கிலோமீட்டருக்குக் குறைவாக ஓடிய வண்டியைத் தேர்ந்தெடுத்தாலே போதும் என்று ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. மீட்டரில் தெரியும் எண்ணை மாற்றிவிட முடியும் என்பது ஒருபுறமிருக்க, அந்த எண் உண்மையாகவே இருந்தாலும் வண்டி எங்கே நின்றது என்பதை அது சொல்லாது. 2016-இல் சென்னையில் நான் பார்த்த ஒரு கார் 38,000 கிலோமீட்டரே காட்டியது, பெயின்ட்டும் புதிதாக மின்னியது. ஆனால் உடன் வந்த மெக்கானிக் ஓட்டுநர் இருக்கையின் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தபோது, உள்ளே சுருண்டிருந்த பகுதியில் காய்ந்த சேற்றின் பழுப்புக் கோடு தெரிந்தது. முந்தைய டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய வண்டி என்பதை விற்பவர் அதன் பிறகே ஒப்புக்கொண்டார். டயர் எப்போது தயாரானது என்று எப்படி அறிவது எனக் கேட்டிருப்பவருக்கு: அதன் பக்கவாட்டில் 3219 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். 20,000 கிலோமீட்டர்தான் ஓடியதாகச் சொல்லப்படும் 2018 மாடல் வண்டியில் நான்கு டயர்களும் 2022-இல் தயாரானவையாக இருந்தால், அவ்வளவு குறைந்த ஓட்டத்தில் நான்கும் தேய்ந்திருக்க வாய்ப்பு குறைவு என்பதால், மாற்றிய காரணத்தைக் கேட்டு, சர்வீஸ் பதிவுகளை வாங்கிப் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.