பெட்டி கொடுத்ததோடு கடமை முடிந்துவிட்டதா?

மலேசியாவில் தொலைக்காட்சியை டிஜிட்டலுக்கு மாற்றுவதற்காக 2019 ஜூலையில் லங்காவியில் தொடங்கிய பழைய அனலாக் ஒளிபரப்பு நிறுத்தம், அதே ஆண்டு அக்டோபர் இறுதியில் சபா, சரவாக்கோடு நிறைவு பெற்றது. இவ்வளவு விரைவாக முடித்ததைப் பெரும் சாதனையாகப் பேசினார்கள். ஆனால் பினாங்கில், ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி ஒன்றில் தனியாக வாழும் என் பெரியம்மாவால் டிவி2-இன் தமிழ்ச் செய்தியை இன்றும் தடையில்லாமல் பார்க்க முடியவில்லை என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது.

அரசு உதவித்தொகை பெற்ற குடும்பங்களுக்கு, டிஜிட்டல் சிக்னலை டிவியில் படமாக்கும் டிகோடர் பெட்டியை இலவசமாகக் கொடுத்தார்கள், அதை மறுக்கவில்லை. பெட்டி இருந்தால் மட்டும் படம் வந்துவிடுமா? முன்பு பல இடங்களில், டிவி2-ஐ நடத்தும் அரசு நிறுவனமான ஆர்டிஎம்மின் ஒளிபரப்பு விஎச்எஃப் அலைவரிசையில் வந்தது. டிஜிட்டல் ஒளிபரப்போ அதைவிட உயர்ந்த அலைவரிசையான யூஎச்எஃப்பில் வருகிறது. அதனால் பழைய ஏரியல் பல வீடுகளில் வெறும் கம்பியாகிவிட்டது. புதிய ஏரியல், கேபிள், பொருத்துகிறவரின் கூலி ஆகியவற்றை ஓய்வூதியம்கூட இல்லாத முதியவர் எங்கிருந்து கொடுப்பார்?

அனலாக் காலத்தில் சிக்னல் குறைந்தால் படம் முழுக்கப் புள்ளிகள் மழையாகப் பொழியும். அப்போதும் செய்தி வாசிப்பவரின் குரல் காதில் விழும், கண் மங்கியவர்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. டிஜிட்டலில் அந்த இடைநிலையே கிடையாது. சிக்னல் ஓர் எல்லைக்குக் கீழே இறங்கியதும் படம் கட்டம் கட்டமாகச் சிதறி, உறைந்து, குரலும் அறுந்து, திரை இருண்டுவிடுகிறது. குன்றுகளும் உயரமான கட்டடங்களும் நெருங்கி நிற்கும் இந்தத் தீவில் இப்படி நேரும் என்பது பொறியாளர்களுக்கு முன்பே தெரியாதா? சிக்னல் எட்டாத இடங்களில் செயற்கைக்கோள் வழியாகப் பெறலாம் என்கிறார்கள். அடுக்குமாடியின் வெளிச்சுவரில் அதற்கான டிஷ் தட்டு பொருத்த அனுமதி கேட்டு, எழுபது வயதைக் கடந்தவர் நிர்வாக அலுவலகத்தின் வாசலில் நிற்க வேண்டுமா?

உதவி எண்ணை அழைத்தால் ஏரியலைத் திருப்பிப் பார்க்கச் சொல்கிறார்கள். கடைக்காரரோ புதிய டிவி வாங்கச் சொல்கிறார், இல்லையென்றால் மாதக் கட்டணச் சேவைக்கு மாறச் சொல்கிறார். இலவசமாகக் கிடைத்துக்கொண்டிருந்த ஒன்றுக்கு மாதந்தோறும் பணம் கட்டுவது என்ன நியாயம்?

இந்த மாற்றத்தால் விடுபட்ட 700 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றை கைப்பேசி இணையத்துக்குப் போனது. அதன் பயனில் ஒரு சிறு பங்கையாவது ஒதுக்கி, தனியாக வாழும் மூத்தோரின் வீடுகளுக்கு ஆளனுப்பி, சிக்னலை அளந்து, ஏரியலைப் பொருத்தி, படம் வருவதைக் கண்ணால் பார்த்த பிறகே அனலாக்கை நிறுத்தியிருக்க வேண்டும். அன்று செய்யாததை இன்றாவது செய்யுங்கள்.