மாடு சாகும் முன்பே பணம் வர வேண்டும்
கென்யாவில் கால்நடை வளர்ப்போருக்கான வறட்சிக் காப்பீட்டைப் பாராட்டும் ஒரு கட்டுரையைப் படித்தேன்; அது ஒரு முக்கியமான மாற்றத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டது. 2010இல் வட கென்யாவின் மார்சபிட் பகுதியில் இந்தக் காப்பீடு தொடங்கியபோது, செயற்கைக்கோள் காட்டும் பசுமையை வைத்து எத்தனை கால்நடைகள் செத்திருக்கும் என்று மதிப்பிட்டு இழப்பீடு கொடுத்தார்கள். புல் குறையும்போதே பணம் தரும் முறை அப்புறம்தான் வந்தது. அதுதான் சரி! தீவனமும் தண்ணீரும் மருந்தும் வாங்கி மந்தையை உயிரோடு வைத்திருக்கலாமே.

ஆனால் கணக்கு வட்டாரம் முழுவதற்கும் சராசரியாகத்தான் போடப்படுகிறது. பக்கத்தில் மழை பெய்து, தன் மேய்ச்சல் நிலம் மட்டும் காய்ந்துபோனவருக்கு ஒன்றுமே கிடைக்காமல் போகலாம். மாடு தின்னாத புதரும் செயற்கைக்கோளுக்குப் பச்சைதான். பிரீமியம் வாங்கும் முன்பே இதை அங்குள்ள மக்கள் பேசும் போரானா, ரெண்டிலே மொழிகளில் ஒளிக்காமல் விளக்குங்கள்.