புலிக்கு ஒரு வரி, மூஞ்சூற்றுக்கும் ஒரு வரி

பறவை நோக்குபவர்கள் தம் வாழ்நாளில் கண்ட இனங்களையெல்லாம் பட்டியலிட்டு வைப்பது இப்போது நம்மூரிலும் பரவலாகிவிட்டது. பாலூட்டிகளுக்கு அப்படிப் பட்டியல் வைத்திருப்பவர்கள் குறைவு. வைத்திருப்பவர்களும் பெரும்பாலும் இனங்களையே எண்ணுகிறார்கள். நான் பல ஆண்டுகளாக இனங்களை எண்ணுவதை விட்டுவிட்டு, உறவுள்ள இனங்களை ஒன்றாகச் சேர்க்கும் குடும்பங்களை மட்டும் எண்ணி வருகிறேன். ஒரு நோட்டுப் புத்தகம், ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வரி, வரிக்கு எதிரே இரண்டு பத்திகள்: ஒன்று உயிரியல் பூங்காவில் பார்த்ததற்கு, மற்றொன்று இயற்கையான வாழிடத்தில் பார்த்ததற்கு. பாலூட்டிகளின் உலகத்தைச் சாய்வில்லாமல் பார்க்க விரும்பும் எவருக்கும் இதைவிட நல்ல கணக்குமுறை இல்லை என்பது என் உறுதியான கருத்து.

2018இல் வெளிவந்த உலகளாவிய தொகுப்பு ஒன்று, அண்மை நூற்றாண்டுகளில் அழிந்துபோனவற்றையும் சேர்த்து 6,495 பாலூட்டி இனங்களைக் கணக்கிட்டு, அவற்றை 167 குடும்பங்களில் அடக்குகிறது. ஆறாயிரத்துச் சொச்சம் இனங்களை ஒருவர் தம் ஆயுளில் பார்த்து முடிக்க வழியில்லை. எலிகளிலும் வௌவால்களிலும் பல இனங்களைப் பல்லையோ மரபணுவையோ ஆராயாமல் பிரித்தறியவும் முடியாது. 167 குடும்பங்களோ சில பக்கங்களில் அடங்கிவிடும். மேலும், பெரும்பாலான குடும்பங்கள் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து தத்தம் வழியில் வந்தவை என்பதால், புதிய வரி ஒன்றை நிரப்பும்போது உண்மையிலேயே புதியதொரு உடலமைப்பையும் வாழ்முறையையும் சந்தித்திருக்கிறோம்.

இந்தக் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்தது, அது புலிக்குக் கொடுக்கும் இடம். முதுமலைக்கும் கன்ஹாவுக்கும் எத்தனை முறை சென்று எத்தனை புலிகளைப் பார்த்தாலும் பூனைக் குடும்பம் ஒரே வரிதான். வயல் வரப்பில் குறுக்கே ஓடும் காட்டுப்பூனையைக் கண்டவருக்கும் அதே வரி நிரம்பிவிடுகிறது. இரவில் அடுக்களைச் சுவரோரமாகக் கீச்சிட்டுக்கொண்டு ஓடும் மூஞ்சூறு எலியே அல்ல. பூச்சிகளையும் புழுக்களையும் தின்னும் தனிக் குடும்பத்தைச் சேர்ந்தது. எனவே அதற்கும் முழுதாக ஒரு வரி உண்டு. நம் வனச் சுற்றுலா முழுவதும் புலியை நோக்கியே ஓடுகிறது. ஜீப்பில் ஏறியவுடன் கேட்கப்படும் முதல் கேள்வியே புலி தெரியுமா என்பதுதான். புலியைப் பார்க்காமல் திரும்புகிறவர்கள் காட்டில் ஒன்றுமே இல்லை என்று சொல்லும்போது எனக்குக் கோபமும் வருத்தமும் சேர்ந்தே வருகின்றன, ஏனெனில் அதே பாதையில் கீரி, முயல், மலையணில், மான், காட்டுப்பன்றி, கருமந்தி என்று ஆறு குடும்பங்களைக் கடந்துதான் அவர்கள் வந்திருப்பார்கள்.

பாலூட்டி இனங்களில் ஐந்தில் மூன்று பங்குக்கு மேல் கொறிவிலங்குகளும் வௌவால்களுமே. வௌவால்களில் மட்டும் இருபதுக்கு மேற்பட்ட குடும்பங்கள் உள்ளன. உயிரியல் பூங்காக்களில் நாம் காண்பவை பெரும்பாலும் பழந்தின்னி வௌவால்கள்; பறந்தபடியே பூச்சி பிடிக்கும் சிறு வௌவால்களைக் கூண்டில் பேணுவது மிகக் கடினம் என்பதால், அவற்றின் குடும்பங்களுக்கு எதிரே பூங்காப் பத்தி வெறுமையாகவே கிடக்கும். நம் பழைய கோயில்களின் இருண்ட மண்டபங்களும், கோபுரத்தின் உள்ளடுக்குகளும், மலைக்குகைகளும் அந்தக் குறையை அள்ளி நிரப்புகின்றன. முகத்தில் இலை போன்ற மடிப்புடைய வௌவால்கள் ஒரு குடும்பம். உடலளவுக்கு நீண்ட மெல்லிய வாலைத் தொங்கவிட்டிருக்கும் எலிவால் வௌவால்கள் இன்னொரு குடும்பம். நடுவில் இணைந்த பெரிய காதுகளோடு தவளையையும் சுண்டெலியையும்கூடப் பிடித்துத் தின்பவை வேறொரு குடும்பம். மதுரைக்கு அருகே சமணர் மலைக் குகையில் பேராசிரியர் எம். கே. சந்திரசேகரனும் அவருடைய மாணவர்களும் செய்த ஆய்வு உலக அளவில் பேசப்பட்டது. முழு இருட்டில், அதே குகைக்குள் கூண்டில் வைக்கப்பட்ட வௌவால்கள், சூரியனையே பார்க்காதபோதும், சுற்றியிருந்த கூட்டம் மாலையில் வெளியேறி விடியலில் திரும்புவதை ஒட்டியே தம் பொழுதை அமைத்துக்கொண்டன என்று 1981இல் அவர்கள் எழுதினார்கள். குகை வாசலில் நின்று அந்தக் கூட்டம் வெளியேறுவதைப் பார்க்கும் ஒருவர் தம் நோட்டில் எழுதும் வரி எனக்குப் புலியின் வரியைவிட எவ்விதத்திலும் சிறியதல்ல. திருப்பணி நடக்கும்போது முதலில் விரட்டப்படுபவை வௌவால்களே என்பதையும், பழந்தின்னி வௌவால்கள் 2022ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் வரும் வரை நம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் தீங்குயிர் அட்டவணையிலேயே இருந்தன என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

வௌவால்களைப் பற்றிப் பேசும்போது கிட்டி தொங்லோங்யாவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. நம் மேகமலையில் 1948இல் பிடிக்கப்பட்டு, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பில் வேறோர் இனத்தின் பெயரில் கிடந்த பழந்தின்னி வௌவால் ஒன்றைத் தனி இனம் என்று கண்டறிந்து, 1972இல் சாலிம் அலியின் பெயரை அதற்குச் சூட்டியவர் இந்தத் தாய்லாந்து அறிஞர். அதன்பின் அவர் தம் நாட்டின் காஞ்சனபுரிப் பகுதிச் சுண்ணாம்புக் குகைகளில் இரண்டு கிராம் அளவே எடையுள்ள ஒரு வௌவாலைக் கண்டார். அவர் மறைந்தபின், 1974இல், அந்த வௌவாலுக்கு அவர் பெயரே இடப்பட்டது. அது எந்தக் குடும்பத்திலும் பொருந்தாததால் புதிய குடும்பமே ஒன்று வகுக்கப்பட்டது. என் நோட்டில் அந்தக் குடும்பத்தின் வரியில் இரண்டு பத்திகளும் இன்னும் காலியாக இருக்கின்றன.

குடும்பங்களைத் தேட உலகம் சுற்ற வேண்டும் என்று யாரும் தயங்க வேண்டியதில்லை. நிலத்திலும் கடலிலும் சேர்த்துத் தமிழ்நாட்டில் மட்டும் முப்பதுக்கு மேற்பட்ட பாலூட்டிக் குடும்பங்கள் வாழ்கின்றன. தென்மாவட்டங்களின் வறண்ட செம்மண் நிலத்தில் முள்ளெலி, மோயாற்றுப் பள்ளத்தாக்கில் கழுதைப்புலி, களக்காட்டில் சருகுமான், கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 2022இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கடவூர்க் காடுகளில் தேவாங்கு. அணிலைப் போலத் தோன்றினாலும் அணிலுக்கு உறவில்லாத மூங்கில் அணத்தான் தென்னிந்தியக் குன்றுகளில் பகலிலேயே திரிகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளிலும் மிளகுத் தோட்டங்களிலும் முதுகில் முட்களோடும் நுனியில் குஞ்சம் போன்ற வாலோடும் ஒரு மரஎலி வாழ்கிறது. அதன் குடும்பத்தில் எஞ்சியுள்ள உறவுகள் தெற்குச் சீனாவிலும் வியட்நாமிலும்தான் இருக்கின்றன. இவ்வளவு தொலைவில் பிரிந்து கிடக்கும் ஒரு குடும்பத்தின் ஒரு பாதி நம் மலையில் இருப்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இனி உயிரியல் பூங்காக்கள். பூங்காவில் பார்த்ததைப் பட்டியலில் சேர்ப்பது தவறு என்று சொல்லும் நண்பர்கள் உண்டு. காட்டில் பார்த்ததோடு ஒன்றாகக் கலந்து எண்ணுபவர்களும் உண்டு. இருவரோடும் நான் உடன்படவில்லை. டார்ஜிலிங்கில் 1958இல் தொடங்கப்பட்ட பத்மஜா நாயுடு இமாலய உயிரியல் பூங்காவில் செம்பாண்டாவை அருகிலிருந்து பார்த்தபோதுதான், அது கணுக்காலைத் திருப்பிக்கொண்டு தலைகீழாக மரத்திலிருந்து இறங்கும் விதம் எனக்குப் புரிந்தது. சிங்கலீலாவின் பனிமூட்டத்தில், தொலைவிலுள்ள மரக்கிளையில் சுருண்டு படுத்திருக்கும் செம்பாண்டாவைப் பார்த்து அதைக் கற்றுக்கொள்ள முடியாது. அந்தப் பூங்காவில் பிறந்த செம்பாண்டாக்கள் 2003இல் அதே சிங்கலீலாக் காட்டில் விடப்பட்டன. ஆகவே அங்கே கூண்டுக்கும் காட்டுக்கும் இடையில் ஒரு வழி திறந்திருக்கிறது. ஆனால் அந்த விலங்கு எந்த மூங்கிலை எந்தப் பருவத்தில் தேடிச் செல்கிறது, எதற்கு அஞ்சி ஒளிகிறது என்பதையெல்லாம் கூண்டு சொல்லாது. இரண்டும் வெவ்வேறு அறிவு என்பதால் பத்திகளும் இரண்டாக இருக்க வேண்டும்.

இந்த வேறுபாட்டைச் சிங்கப்பூரைப் போலத் தெளிவாகக் காட்டும் இடத்தை நான் கண்டதில்லை. மண்டாயிலுள்ள பூங்காக்களில் மனாட்டி, எறும்புண்ணி, தபீர் என்று தொலைதேசக் குடும்பங்களும் அண்டைநாட்டுக் குடும்பங்களும் பூங்காப் பத்தியை நிரப்புகின்றன. அதே தீவின் காடுகளிலோ கொலுகோ என்னும் விலங்கு, கழுத்திலிருந்து வால்நுனி வரை விரியும் தோற்சவ்வோடு மரப்பட்டையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மரத்துக்கு மரம் நூறு மீட்டருக்கு மேலும் மிதந்து செல்லக்கூடிய அந்த விலங்கைக் கூண்டில் வைத்து வளர்ப்பது மிகக் கடினம். தென்கிழக்காசியாவுக்கு வெளியே எங்கும் இல்லாத அந்தக் குடும்பத்துக்கு நேரே காட்டுப் பத்தி நிரம்பிப் பூங்காப் பத்தி காலியாக இருப்பதைப் பார்க்கும்போது, எவ்வளவு பெரிய பூங்காவாலும் காட்டை ஈடுசெய்ய முடியாது என்பது நோட்டிலேயே தெரிந்துவிடுகிறது.

விதிகள் என்று சிலவற்றை நான் வைத்திருக்கிறேன். வீட்டு விலங்குகளுக்கு இடமில்லை. கோடியக்கரையில் தலைமுறை தலைமுறையாகத் தன்னிச்சையாகத் திரியும் குதிரைகள் அழகானவை, ஆனால் அவை மனிதர் வளர்த்தவற்றின் வழித்தோன்றல்கள் என்பதால் குதிரைக் குடும்பத்தின் காட்டுப் பத்தி கட்ச்சின் சிறிய ரண்ணில் காட்டுக்கழுதையைப் பார்க்கும் நாளுக்காகக் காத்திருக்கிறது. மனிதக் குரங்குகளின் குடும்பத்தில் நாமும் அடக்கம். அதற்காக அந்த வரியை நான் நிரப்பவில்லை, மைசூரில் கொரில்லாவைப் பார்த்த பின்பே பூங்காப் பத்தியில் எழுதினேன். பூங்காவின் எல்லைக்குள் தானாக வந்து வாழும் விலங்கு காட்டு விலங்கே. வண்டலூர் போல 602 ஹெக்டேர் பரந்த இடத்தில் கூண்டுக்கு வெளியே ஓடும் கீரி காட்டுப் பத்திக்கே உரியது. தானியங்கிக் கேமராவில் பதிந்த படத்தையும் காலடித் தடத்தையும் நான் எண்ணுவதில்லை. ஒரு வரிக்காகத் தேவாங்கின் கண்ணில் வெள்ளை டார்ச் ஒளியைப் பாய்ச்சுவதையும், வௌவால் குகைக்குள் நுழைந்து கூட்டத்தைக் கலைப்பதையும் எந்தக் காரணத்தாலும் ஏற்க முடியாது.

குடும்பங்களின் எல்லைகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன. துர்நாற்ற நீரைப் பீய்ச்சித் தற்காத்துக்கொள்ளும் ஸ்கங்க்குகள் ஒருகாலத்தில் நீர்நாயின் குடும்பத்தோடு வைக்கப்பட்டிருந்தன; 1990களின் இறுதியில் மரபணு ஆய்வு அவற்றைத் தனிக் குடும்பமாக்கியது. மடகாஸ்கரின் ஊனுண்ணியான ஃபோசாவும் அதன் உறவுகளும் ஒரே மூதாதையிலிருந்து வந்தவை என்று 2003இல் தெரியவந்ததால் அவையும் ஒரே குடும்பமாயின. அறிவியல் தன் கணக்கைத் திருத்தும்போது நானும் திருத்திக்கொள்கிறேன்.

ஒரே இனம் மட்டும் எஞ்சியிருக்கும் குடும்பங்களே இந்த நோட்டில் என்னை மிகவும் கலங்க வைப்பவை. டாஸ்மேனியாவின் ஹோபார்ட் உயிரியல் பூங்காவில் 1936 செப்டம்பர் 7 அன்று ஓநாயைப் போன்ற பைப்பாலூட்டியான தைலசீன்களில் கடைசியானது இறந்தபோது ஒரு குடும்பமே முடிந்துபோனது. சீனாவின் யாங்சி ஆற்று ஓங்கிலான (டால்பின்) பைஜியின் கதையும் அதுதான்: வூஹானில் 22 ஆண்டுகள் பராமரிக்கப்பட்ட சிச்சி என்னும் ஆண் ஓங்கில் 2002இல் இறந்தது, 2006இல் ஆறு முழுவதும் தேடிய ஆய்வுக் குழுவுக்கு ஒன்றுகூடத் தென்படவில்லை. அந்த இரு வரிகளையும் நான் அடிக்கவில்லை. எதிரே ஆண்டை மட்டும் எழுதி வைத்திருக்கிறேன். இன்று அரசுகள் பெரும்பாலும் ஓர் இனத்தின் அழிவையும் ஒரு குடும்பத்தின் அழிவையும் ஒரே எடையில்தான் நிறுக்கின்றன. பாதுகாப்புக்கான பணமும் கவனமும் பங்கிடப்படும்போது, தன் குடும்பத்தின் கடைசி இனம் என்னும் தகுதிக்குத் தனி முன்னுரிமை வேண்டும் என்பதே என் கோரிக்கை.

அந்த முன்னுரிமைக்கு நம் கடலிலேயே ஓர் உரிமையாளர் இருக்கிறது: கடற்புல் மேயும் கடற்பசுவான ஆவுளியா. ஆவுளியாவின் நெருங்கிய உறவான ஸ்டெல்லர் கடற்பசு 1741இல் கண்டறியப்பட்டு 1768க்குள் வேட்டையாடி முடிக்கப்பட்டது. அக்குடும்பத்தில் இன்று உயிரோடிருப்பது ஆவுளியா ஒன்றுதான். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரைகளையொட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022இல் தமிழ்நாடு அரசு ஆவுளியாப் பாதுகாப்பகமாக அறிவித்தது. என் நோட்டில் அதற்கு எதிரே இரண்டு பத்திகளும் காலி. கடற்புல் மேயும் இடத்துக்குப் படகு அமர்த்திச் சென்று அதைத் துரத்த எனக்கு மனமில்லை. வலையில் சிக்கிய ஆவுளியாவை வலையை அறுத்துக் கடலிலேயே விடுவிக்கும் மீனவர்களை வனத்துறை பாராட்டி ஊக்கத்தொகை வழங்குகிறது. அறுபட்ட வலையின் முழு விலையும் தாமதமின்றி அவர்கள் கையில் சேர வேண்டும் என்பதற்காகவே நான் குரல் கொடுப்பேன். என் வரி நிரம்புவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.